மிதியில் ஒரு சிறு இடைவெளி

எங்கள் தந்தையார் மறைந்தபின் வீடும் வயலும் பாகப் பிரிவினையில் இரண்டாயின. பிரிக்க இயலாமல் எஞ்சியது, கொட்டகையில் துருவேறி நின்ற மாஸி பெர்குசன் 35 டிராக்டர் ஒன்றே. அயர்லாந்தின் வடபகுதியில் 1884ஆம் ஆண்டு பிறந்த உழவர் மகன் ஹாரி பெர்குசன். கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து இரண்டையும் ஓருடலாக்கிய அவருடைய அமைப்பின் வழிவந்த வண்டி அது. 1960இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம், மாஸி பெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து டிராக்டர்களைச் செய்ததால், அப்பெயர் தமிழக வயல்களில் பழகிய பெயராயிற்று. அண்ணன் தம்பியராகிய நாங்கள் அதை விற்க மனமின்றி, ஓராண்டுக் காலம் சேர்ந்து உழைத்து மீட்டெடுத்தோம்.

எஞ்சின் முதல் நாளே முழங்கியது. ஆனால் கிளட்சை அடிவரை மிதித்தும், முதல் கியர் விழ மறுத்துப் பல்லோடு பல் உரசி அலறியது.

கிளட்ச் மிதியின் தொடக்கத்தில், எதையும் அழுத்தாமல் வெறுமனே இறங்கும் சிறு அசைவு ஒன்றுண்டு. பட்டறைகளில் அதனை 'ஃப்ரீ பிளே' என்பர். அது மிகுந்தால் கிளட்ச் முழுதும் விடுபடாது; கியர் உரசும். அறவே இல்லாது போனாலோ, ரிலீஸ் பேரிங் ஓயாமல் விரல்களின்மீது சாய்ந்து நிற்கும். தட்டு முழுப்பிடிப்பின்றி வழுக்கித் தேயும். இதை அறிந்திருந்தும், அவசரத்தில் அந்த இடைவெளியை முற்றிலும் குறைத்துவிட்டோம். கியர் ஓசையின்றி விழுந்தது. வென்றுவிட்டதாகவே எண்ணினோம்.

மறுநாள் அம்மாவை வரப்பில் அமர்த்தி உழத் தொடங்கினோம். பாதிச் சால் ஓடுமுன் எஞ்சினின் ஓசை உயர்ந்தது, சக்கரங்களோ தளர்ந்தன. எரிந்த வாடை எழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டிற்கு நடந்தார்.

தட்டுக்குப் புதிய லைனிங் அடித்துத் தந்த முதியவரிடம் நேரே சென்றோம். மட்டமான சரக்கை வைத்து எங்களை ஏமாற்றிவிட்டதாக நாலுபேர் முன்னிலையில் இரைந்தோம். அவர் சினக்கவில்லை. "விரல்களின் உயரத்தை அளந்தீர்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் விடையில்லை. விடையின்மையே எங்களுக்குள் சண்டையாயிற்று. "நீதானே பூட்டினாய்" என்று ஒருவரையொருவர் சாடினோம். மூன்று நாட்கள் பேச்சில்லை.

வண்டியை நடுவே இரண்டாகப் பிரித்தாலன்றிக் கிளட்சைக் காண முடியாது. அவ்வேலை தனியொருவரால் ஆகாது. ஆகவே நான்காம் நாள் பேசாமலே கூடி நின்று பிரித்தோம். பிரஷர் பிளேட்டை இழுத்து விடுவிக்கும் விரல்கள் மூன்று. அவற்றுள் ஒன்று மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. கழற்றித் துடைத்தபின் கண்மதிப்பிலேயே அவற்றைப் பூட்டியவர்கள் நாங்கள்தாம். பிளேட் சாய்வாக விலகியதால் கியர் உரசியது. இடைவெளியைக் குறைத்தபோது, அந்த உயர்ந்த விரல் எந்நேரமும் பேரிங்கின் பாரத்தைச் சுமந்தது, பிடிப்புத் தளர்ந்தது. லைனிங்கில் ஒரு குறையும் இல்லை. நல்லவேளையாக அது கருகாமலும் தப்பியிருந்தது.

திருகாணிகளைத் திருகி மூன்று விரல்களையும் ஒரே உயரத்திற்குக் கொணர்ந்தோம். ஒருவர் அளக்க, மற்றவர் சரிபார்த்தோம். வண்டியைச் சேர்த்து, மிதியில் உரிய இடைவெளியை மீண்டும் விட்டோம். கியர் அமைதியாக விழுந்தது. கலப்பை மண்ணில் ஆழ்ந்தபோதும் சக்கரம் தளரவில்லை. அம்மா வரப்பிலேயே இருந்தார்.

அன்று மாலை முதியவரிடம் சென்று, நாலுபேர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். "வண்டி உழுகிறதா?" என்றார். உழுகிறது என்றோம். "அப்புறமென்ன?" என்று தம் வேலையைத் தொடர்ந்தார்.

லைனிங் தேயத் தேய மிதியின் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். ஒருமுறை வைத்த அளவு என்றும் நிலைப்பதில்லை. அவ்வப்போது பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். ஒருவர்மீது ஒருவர் ஓயாமல் சாய்ந்து அழுத்தும் எங்களைப் போன்ற உடன்பிறந்தோர்க்கும் அதுவே பொருந்தும் போலும். பழி சொல்லுமுன் அளந்து பார்க்கும் பொழுதளவு இடைவெளியேனும் எங்களிடம் அன்று இருந்திருக்கலாம்.