முப்பதும் முப்பத்தேழும்

எங்கள் வீட்டுச் சமையலறையின் அகலம் 6 அடி 2 அங்குலம், நீளம் 11 அடி. வடக்கே கூடத்துக்குப் போகும் வாசல், தெற்கே கொல்லைக் கதவு. ஆகவே அதை அறை என்பதைவிட நடை என்று சொல்லலாம். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுகிறவர் போகிற போக்கில் ஒரு ரசம் வைத்துவிட்டுப் போக முடியும். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அப்பா அதை 'பேன்ட்ரி கார்' என்றுதான் சொல்வார். இந்த மாதிரிச் சமையலறைக்கு ஆங்கிலத்தில் கேலி கிச்சன் என்று பெயர். கப்பல் சமையல்கட்டிலிருந்து வந்த சொல். தமிழில் எழுதினால் கேலியாகிவிடுகிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் இன்டீரியர்காரர்கள் 'பேரலல் கிச்சன்' என்கிறார்கள். பேரலல் என்றால் இரண்டு பக்கமும் மேடை வேண்டும். எங்கள் வீட்டில் மேடை கிழக்குப் பக்கம் மட்டும்தான். மேற்குச் சுவரில் கடப்பாக்கல் அலமாரி, அதற்குக் கீழே அரிசி டிரம், 2011 திட்டத்தில் கிடைத்த விலையில்லா கிரைண்டர், வெங்காயக் கூடை.

மேடையின் உயரம் 34 அங்குலம். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். 1994-இல் வீடு கட்டியபோது இந்த 34-ஐ யார் முடிவு செய்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "யாரும் முடிவு பண்ணல. கொத்தனாரு சும்மா நின்னு பாத்தாரு, அவரு இடுப்புக்கு மேல கொஞ்சம் இருந்துச்சு, சரின்னு கல்லப் போட்டாரு." அந்தக் கொத்தனார் நெட்டையான ஆள் என்பது எனக்கும் லேசாக ஞாபகம் இருக்கிறது. அவர் அந்த மேடையில் ஒரு நாளும் சமைக்கவில்லை. அம்மா முப்பது வருஷம் சமைத்தாள், ஒரு மணைப்பலகை மேல் ஏறி நின்று.

போன ஐப்பசியில், ஈரத்தில் அந்த மணை சறுக்கிவிட்டது. வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரித்த பிறகும் குழம்புச் சட்டியைத் தூக்க அந்தக் கை ஒத்துழைக்கவில்லை, துணி பிழிகிற திருகலும் வரவில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். காலை ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு முன்னால் சாதம், குழம்பு என்று ஆரம்பித்தது. அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டளை இட்டாள். 5 அடி 9 அங்குல உடம்போடு அந்த மேடையில் குனிந்து வெங்காயம் நறுக்கி எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருத்திக்கு எட்டாத மேடை இன்னொருத்தனுக்குக் குள்ளம். அப்போதுதான் இதை இடித்துக் கட்டுவது என்று முடிவானது.

இதே அளவில் வேறு யாராவது சமையலறை கட்டியிருக்கிறார்களா என்று தேடினேன். கிடைத்தது ஜெர்மனியில். 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் வரிசையாகக் குடியிருப்புகள் கட்டத் தொடங்கியது. அவற்றுக்கான சமையலறையை வரைந்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, அப்போது 29 வயது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 6 அடி 3 அங்குலத்துக்கு 11 அடி 2 அங்குலம். எங்கள் வீட்டைவிட அகலத்தில் ஓர் அங்குலம், நீளத்தில் இரண்டு அங்குலம்தான் கூடுதல்! அதைவிட ஆச்சரியம், அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டவற்றில் ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையும் ஒன்று. அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் இதையே பேசியிருப்பார்.

கடிகாரம் வைத்து ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று அளந்து வரைந்த சமையலறை அது. பருப்பு, சர்க்கரைக்கு அலுமினிய இழுப்பறைகள், அப்படியே சாய்த்துக் கொட்ட மூக்கு வைத்தவை. மாவுக்கு மட்டும் ஓக் மரம், புழு அண்டாது என்பதால். ஈ உட்காராது என்று நம்பி நீல வண்ணம். ஜன்னலோரம் உட்கார்ந்து நறுக்க ஒரு பலகை, சுழலும் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் அதை வைத்தார்கள். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று தவணையில் வாங்குகிற எல்லாவற்றுக்கும் பாட்டி அதுதான். ஷூட்டே-லிஹோட்ஸ்கி பிறகு நாஜிகளை எதிர்த்து இயங்கிச் சிறை போனார். 103-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, 2000-இல், இறந்தார். அந்தச் சமையலறையை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் கொத்தனாரை நான் ஓரளவு மன்னித்தது அதைப் படித்த பிறகுதான்.

படத்தை போனில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். முக்காலி பிடித்திருந்தது. மூட்டுவலி வந்த பிறகு அரிவாள்மணை முன்னால் தரையில் உட்கார முடிவதில்லை. அது எத்தனை பெரிய இழப்பு என்று நின்றுகொண்டே நறுக்கிப் பழகிய நமக்குத் தெரியாது. இழுப்பறைகளும் பிடித்திருந்தன. பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு ஆளு நிக்கத்தான் எடம் இருக்கு" என்றாள்.

பின்னாளில் பெண்ணியவாதிகள் அந்தச் சமையலறையின் மேல் வைத்த குற்றச்சாட்டும் அதேதான். நடக்கிற தூரத்தைக் குறைத்தார்கள், நல்ல விஷயம். ஆனால் இன்னொருவர் உள்ளே வந்து ஒரு கை கொடுக்க முடியாதபடி அறை சுருங்கிவிட்டது. அமெரிக்காவின் தேசிய கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் நடுவழிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒருவர் சமைத்தால் 42 அங்குலம், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் 48. எங்களிடம் இருப்பது மொத்தமே 74. கிழக்கு மேடைக்கு 22 அங்குலம் (இப்போது 24, ஆனால் அந்தக் கடைசி இரண்டு அங்குலத்துக்கு அம்மாவின் கை போவதே இல்லை), மேற்கே புதிதாக 16. மீதி 36. ஒருவர் முதுகோடு ஒருவர் நின்று வேலை பார்க்கலாம். கடந்து போக வேண்டுமானால் ஒருவர் அடுப்புப் பக்கம் ஒண்டிக்கொள்ள வேண்டும். அந்த 36-க்குள்தான் எங்கள் இரண்டு பேரின் மிச்ச வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு வசதி உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இரண்டு மேடையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாதபோது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? நின்றபடி முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். அதில் நறுக்குவதற்கு நாலைந்து அங்குலம் குறைக்கலாம், அடுப்புக்கு, மேலே பாத்திரம் உட்காரும் என்பதால், இன்னும் கொஞ்சம். அம்மாவுக்கு முழங்கை 36. ஆறு கழித்தால் 30. அப்புறம்தான் கவனித்தேன்: மணையின் உயரம் 4 அங்குலம். முப்பத்து நாலில் நாலு போனால் முப்பது. நான் டேப்பும் ஸ்கெட்ச்அப்பும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அம்மா என்றைக்கோ ஒரு பலகையால் கண்டுபிடித்துவிட்டாள். என் கணக்கு 37.

காண்ட்ராக்டருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல பையன்தான், திருச்சியில் நிறைய ஃபிளாட்டுகளுக்குச் செய்து கொடுத்தவன். "சார், ஒரு பக்கம் 30, ஒரு பக்கம் 37னா பாக்க நல்லாருக்காது. ரெண்டும் 34 வச்சிடுவோம், ஸ்டாண்டர்ட். நாளைக்கு வீட்ட விக்கிறதுன்னாலும் பிரச்சன இல்ல." அம்மாவும் அவன் பக்கம் சாய்ந்தாள், வேறு காரணத்துக்காக. "எனக்கென்னடா, நான் ஓட்டிருவேன். வர்றவளுக்குத் தக்கன வை."

"யாரும்மா வர்றா?"

"யாராச்சும்."

எனக்கு 36 வயது. அந்த யாராச்சுமின் உயரம் காண்ட்ராக்டருக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. நம் ஊரில் கட்டப்படும் எல்லா மேடைகளும் இப்படி இன்னும் வராத ஒரு சராசரிப் பெண்ணுக்காகக் கட்டப்படுகின்றன. வந்தவள் தனக்கு ஒரு மணையைத் தேடிக்கொள்கிறாள். பிளானில் கிழக்கு மேடை மேல் 'அம்மா' என்றும் மேற்கு மேடை மேல் 'நான்' என்றும் எழுதி அனுப்பினேன். இரண்டே முக்கால் லட்சம் கேட்டவன் இந்த இரண்டு உயரத்துக்காகக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. அது வரைக்கும் நல்லது.

திசைப் பிரச்சினை தனி. அடுப்பு தென்கிழக்கில், அக்னி மூலையில். தொட்டி வடகிழக்கில். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அம்மாவின் பக்கம். என் பக்கம் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாம் என்றேன்.

"மேக்கப் பாத்து அடுப்பா?"

"இது அடுப்பு இல்லம்மா, கரண்டு."

"கரண்டுல சோறு வேகும்ல? அப்ப அடுப்புதான்."

இதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. பிளக் பாயின்ட் மட்டும் வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன், கிரைண்டருக்கு என்ற பெயரில்.

அலுவலகத்தில் பழைய நிரலைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துப் பார்ப்பது வழக்கம். எதற்கு என்றே தெரியாத ஒரு வரியை எடுத்தால் வேறெங்கோ ஏதாவது விழும். அந்தப் பழக்கத்தில் சமையலறையில் இருந்த ஒவ்வொன்றுக்கும் 'இது எதுக்கு' என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அடுப்புக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் செங்குத்தாக நிற்கும் உடைந்த கடப்பாக்கல் துண்டு: ஆடிக் காற்றில் அடுப்பு அணையாமல் இருக்க. எந்த 3டி டிசைனிலும் இது வராது, ஆடியில் சமயபுரத்தில் சமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேடைக்குக் கீழே இரும்பு அரத்துண்டு: தேங்காய் உடைக்க. மேற்குச் சுவரில் நாலடி உயரத்தில் ஓர் ஆணி: அப்பாவின் சாப்பாட்டுக் கேரியர் பை மாட்ட. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. "எடுத்துரலாமா?" என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே, சோறா கேக்குது?" என்றாள். பிளானில் மேற்குச் சுவரில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். "இது என்ன சார், பாயின்டா?" என்று பையன் கேட்டான். ஆமாம் என்றேன்.

பிளைவுட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கொதிக்கிற நீருக்குத் தாங்கும் ரகம் என்றாலும் எங்கள் தெருக் கரையானுக்குத் தாங்காது. செங்கல் கால், கடப்பாக்கல் தட்டு, மேலே கிரானைட். பழைய முறைதான். வேலைக்கு வரப்போகும் கொத்தனார் அளவு பார்க்க வந்தபோது அம்மா அவரிடம் நேராகக் கேட்டாள்: "நான் போனப்புறம் இந்தக் குட்ட மேடைய என்ன பண்றது? இவனுக்கு ஆகாதே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொத்தனார் மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னம்மா, கல்ல எடுத்துட்டு ரெண்டு வரி செங்கல் ஏத்திக் கல்லப் போட்டா அண்ணன் ஒசரம் வந்துரும். ஒரு நா வேல" என்றார். அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. அவள் கேட்டது மேடையைப் பற்றித்தான், அவர் பதில் சொன்னதும் மேடையைப் பற்றித்தான். எனக்குத்தான் அன்று முழுக்க மீட்டிங்கில் ஒன்றும் ஓடவில்லை.

எப்போது ஆரம்பிப்பது என்பதை அம்மா ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல். அன்றிலிருந்து பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பச்சைப் பட்டினி விரதம். மற்ற ஊர்களில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள், இங்கே சாமி பக்தர்களுக்காக இருக்கிறாள். தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு இவ்வளவுதான் அவளுக்கு. தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில் ஸ்ரீரங்கத்து அண்ணனிடம் சீர் வாங்கி வந்தவள் அடுத்த மாதமே பட்டினி கிடக்கிறாள் என்பதில் ஏதோ குடும்பக் கதை இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"அவ அடுப்பே அணஞ்சிருக்கு, நம்ம அடுப்பு எரியலன்னா என்ன?" என்றாள் அம்மா. இடிப்பதற்கு நாள் பார்க்க வேண்டாம், சித்திரையில் பால் காய்ச்சிக்கொள்ளலாம். வேலைக்கு 25 நாள் கேட்டிருந்த பையனுக்கு மூன்று நாள் மிச்சம். ஒரே நிபந்தனை, மணலும் கல்லும் பூச்சொரிதலுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பூத்தட்டுக் கூட்டத்துக்கு நடுவே லாரி ஊருக்குள் வராது. எனக்குச் சாப்பாடு? "கோயில்லதான் இப்ப நாள் பூரா அன்னதானம் போடுறாங்களே, போய் உக்காரு" என்றாள். 2021-இலிருந்து உண்மையாகவே அப்படித்தான். கூடத்தில் ஒற்றை பர்னர் வைத்துச் சமாளிப்பது என்பது எழுதப்படாத மாற்றுத் திட்டம்.

இதை எழுதும்போது தை பாதி முடிந்திருக்கிறது. சாமான்களை எடுத்துக் கூடத்தில் அடுக்க ஆரம்பித்துவிட்டோம், இரண்டு குவியலாக. கிழக்குப் பக்கத்துக்குப் போவது ஒன்று, மேற்குப் பக்கத்துக்குப் போவது இன்னொன்று. கரண்டியைப் பிரித்தோம், வாணலியைப் பிரித்தோம், சண்டை இல்லாமல். அஞ்சறைப்பெட்டியில் வந்து நின்றது. ஒன்றுதான் இருக்கிறது, அவள் கல்யாணத்துக்கு வந்தது. நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நடுவே என்று ஓர் இடம் இல்லை, இருப்பது வழிதான். "நீ ஒன்னு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டாள். திருச்சி போனபோது பெரிய கடைவீதியில் ஓர் எவர்சில்வர் பெட்டி வாங்கி வந்தேன். அன்று சாயங்காலமே இடது கையால் அதை நிரப்பிக் கொடுத்தாள்: கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, சோம்பு, மஞ்சள்தூள். ஒரு கிண்ணம் மட்டும் காலியாக இருந்தது.

"வெந்தயம்?"

"அத எப்பப் போடணும்னு உனக்கு இன்னும் தெரியல. கருக்கிடுற. வேணும்னா இந்தப் பக்கம் வந்து கேட்டு வாங்கிக்க."