கழுத்து அறுவையும் முதல் ராத்திரியும்

மொரப்பூரிலிருந்து கழுத்துக் கழலைக்கு வைத்தியம் தேடிக் கிளம்புகிறவர்கள் பஸ் ஏறினால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சி. அங்கே நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை உண்டு. எங்கே போனாலும் நோயாளி கேட்பது தழும்பைப் பற்றித்தான். அறுவை செய்பவருக்கோ ரத்தத்தைப் பற்றிய கவலை.

கழலையாக வீங்கும் தைராய்டு, ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. விவேகமுள்ள எந்த மருத்துவரும் அதில் கைவைக்க மாட்டார் என்று 1866இல் எழுதினார் அமெரிக்க அறுவை நிபுணர் சாமுவேல் கிராஸ். பெர்ன் நகரின் தியோடர் கோக்கர் அவசரப்படாமல், ஒவ்வொரு ரத்தக் குழாயாகப் பிடித்துக் கட்டிப் பழகினார். நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இருந்த இறப்பு அவர் காலத்திலேயே ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இன்றும் கை நின்று நிதானிக்க வேண்டிய இடம் சுரப்பியின் மேல்முனை. அங்கே இறங்கும் தமனியில் போட்ட கட்டு நழுவினால், அறுபட்ட நுனி மேலே தசைக்குள் இழுத்துக்கொள்ளும். தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மொத்தமாகச் சேர்த்துக் கட்டலாமென்றால், குரலை உயர்த்த உதவும் மெல்லிய நரம்பு ஒட்டியே ஓடுகிறது. எனவே சுரப்பியை ஒட்டி, தனித்தனியாக, இரட்டைக் கட்டு. குரல்வளை நரம்பருகே கசிந்தாலோ டையத்தெர்மி என்ற மின்சூட்டுக் கருவியால் கண்மூடித்தனமாகச் சுடக் கூடாது. பஞ்சுத்துணியால் அழுத்திக் காத்திருப்பதே சரி.

தையல் போடுமுன் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொல்வார்கள். மயக்க மருத்துவர் நுரையீரலில் காற்றழுத்தத்தைக் கூட்டிப் பிடிப்பார். கழுத்துச் சிரைகள் புடைக்கும். அதுவரை உலர்ந்து கிடந்த ஓரத்தில் ஒரு சொட்டு சிவப்பு தெரியும். அதையும் கட்டிய பிறகே மூடுவார்கள்.

பிறகு, கசிவை வெளியேற்ற ட்ரெயின் எனும் வடிகுழாய். ஆர்மோனியத் துருத்திபோல் அமுக்கிவிட்டால் தானாக உறிஞ்சும் ரோமோவேக் டப்பா நம் வார்டுகளில் சகஜம். கழுத்தின் பக்கவாட்டு நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தால் அது நிச்சயம் வேண்டும். பால்போல் நிணநீர் கசிந்தால் காட்டிக்கொடுப்பது அதுதான். சாதாரணத் தைராய்டு அறுவையில் ட்ரெயின் பெரிய பலன் தரவில்லை, மருத்துவமனையில் தங்கும் நாளைத்தான் கூட்டுகிறது என்று 2007இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அது நியாயமான முடிவு. ரத்தம் உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். டப்பா காலியாக இருக்க, கழுத்து வீங்கிக்கொண்டிருக்கும்.

அப்போது ஆபத்து ரத்த இழப்பால் அல்ல. தேங்கிய ரத்தம் சிரைகளை அழுத்த, குரல்வளை வீங்கி மூச்சு அடைபடும். தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமில்லை என்றால் கட்டிலிலேயே தையலைப் பிரித்து ரத்தக் கட்டியை வெளியேற்ற வேண்டும். நூற்றில் ஓரிருவருக்கே இது வரும். வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்.

மொரப்பூர் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்கே வீடு திரும்ப அவசரப்பட வேண்டாம். முதல் ராத்திரி துணைக்கு இருப்பவர் விழித்திருக்கட்டும். கழுத்து இறுகினாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திராமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.