பலாவுக்கு விலை பேசிய நாட்கள்

தை, ஞாயிறு

மகளின் புது அறைக்கு மேசன் கயிறு கட்டிப் பார்த்தார். கயிறு நேரே போய்ப் பலாவில் முட்டியது. "மரத்தைத் தறிச்சால்தான் ரீச்சர் அத்திவாரம் வெட்டலாம்" என்றார். மாமியார் நட்ட மரம். ஒரு கொப்பு ஓட்டுக்கு மேலே சாய்ந்து கிடக்கிறது. சோளகம் பெயர்ந்தால் இரவில் எனக்கு நித்திரை இல்லை. அதனால் பெரிதாக மறுத்துப் பேசவும் முடியவில்லை.

செவ்வாய்

மரக்காலைக்காரத் தம்பி வந்தார். அடிமரத்தைக் கத்திப்பிடியால் தட்டித் தட்டி, காதைச் சரித்துக் கேட்டபடி ஒரு சுற்றுச் சுற்றினார். நாடா எடுக்கவில்லை.

"குத்துமதிப்பா ஒரு விலை தாறன் ரீச்சர். தறிகூலி, லொறி எல்லாம் என்ர பாடு."

"அளந்து சொல்லலாமே தம்பி?"

"உள்ளுக்குக் கோறையோ எண்டு தறிச்சாப் பிறகுதான் தெரியும்."

அதில் நியாயம் உண்டு. கோறை விழுந்திருந்தால் நட்டம் அவருக்கு. விழாவிட்டால் லாபம் யாருக்கு என்பதை அவர் சொல்லவில்லை.

புதன்

தையல் நாடாவால் நானே அளந்தேன். நடுமரத்தின் சுற்று 5 அடி. கொப்புப் பிரியும்வரை நீளம் 12 அடி. மர வியாபாரத்தின் பழைய கணக்கு இது: சுற்றில் கால்வாசியை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். 18.75 கன அடி வருகிறது. வட்டத்தின் பரப்பை வைத்துச் சரியாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 23.9. நூற்றுக்கு 21 பங்கு எங்கே போனது? பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் என்பார்கள். இங்கிலாந்தின் எட்வர்ட் ஹொப்பஸ் 1736 இல் வெளியிட்ட அளவைப் புத்தகத்தால் பரவிய கணக்கு. கணக்குப் படிப்பித்த எனக்கே இன்றைக்குத்தான் இது கண்ணில் பட்டது. குத்துமதிப்பு என்றால் இந்தக் கணக்குக்கும் கீழேதான் நிற்கும்.

வெள்ளி

விதானையாரிடம் போனேன். சொந்த வளவு என்றாலும் பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது, பேர்மிற் எடுக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் அடங்கும். மூன்றும் சாப்பாடு தருகிற மரங்கள். ஆண் பனையை விட்டுவிட்டுப் பெண் பனையை மட்டும் காத்த அந்தச் சட்டம் எழுதியவருக்குப் பசி தெரிந்திருக்கிறது. பசிக்குப் பலா என்றால் பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் நினைவுக்கு வருகிறார். நாடு முழுக்கப் பலா நடச் சொல்லித் திரிந்தவர். சிங்களச் சனம் அவரைக் 'கொஸ் மாமா', பலா மாமா, என்றே கூப்பிட்டது. அரசாங்கக் கடதாசிகளைத் திட்டாத நாள் எனக்கு இல்லை. இந்தப் பேர்மிற்றைத் திட்ட மனம் வரவில்லை. விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. ஆள் வந்து மரத்தைப் பார்ப்பாராம்.

ஞாயிறு

ஓடாவியார் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசல் கதவைக் காட்டினார். "இதுவும் பலாதான். அறுத்த புதுசில மஞ்சளா இருந்திருக்கும்." இப்போது கடும் மண்ணிறம், கைபட்ட இடம் மட்டும் பளபளக்கிறது. "வித்த காசுக்கு இந்தச் சாதிப் பலகை வாங்கேலாது, ரீச்சர். மில்லில குடுத்து அறுவியுங்கோ. வெளிப்பக்க வெள்ளையைக் கழிச்சுப்போடுங்கோ, அதைப் பூச்சி அரிக்கும். வைரத்தை மட்டும் நிழலில, இடையில சட்டம் வைச்சு அடுக்கிக் காயவிட்டால் மகளின்ர அறைக்குக் கதவு, நிலை, ஜன்னல் எல்லாம் முடியும்."

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, தறிச்சால் குழை எங்கட ஆட்டுக்கு." செய்தி ஊருக்குப் போய்விட்டது.

திங்கள்

விற்கவில்லை என்று மரக்காலைக்காரத் தம்பிக்கு ரெலிபோனில் சொன்னேன். விலையைக் கூட்டினார். செவ்வாயன்று சொல்லாத விலை! அடிமரத்தில் பிஞ்சுகள் தொங்குகின்றன. பேர்மிற் நாளைக்கே கிடைத்தாலும் பழம் முடியும்வரை வாள் வைக்க விடமாட்டேன். மேசன் காத்திருக்கட்டும்.