நார்மலா, ஆபரேஷனா?

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆணா பெண்ணா என்று. அடுத்த கேள்வி, "நார்மலா, ஆபரேஷனா?" ஆபரேஷன் என்று சொன்னதும் ஒரு "ஐயோ" வரும். அதன் பின்னாலேயே, "அந்தக் காலத்துல நாங்கல்லாம் நடவு நட்டுக்கிட்டே வரப்புல பெத்தோம்" என்பதும் வரும். தையல் இழுக்க, ஒருக்களித்துப் படுக்க முடியாமல் கிடப்பவள் அதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வரப்பில் பெற்றவர்களில் எத்தனை பேர் வரப்பிலேயே செத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் 'சுகப்பிரசவம்' என்று ஒரு சொல் இருக்கிறது. யாருக்குச் சுகம் என்று கேட்கத் தோன்றும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வயிற்றை அறுத்துப் பெற்றவள் எப்போதும் ஒரு படி குறைந்தவள்தான். வலிக்குப் பயந்தவள், சோம்பேறி.

நாங்கள் பதினொரு பேர். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே காலனியில் இருக்கிறவர்கள். எல்லோரும் அறுத்துப் பெற்றவர்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருத்தி, அங்கன்வாடி உதவியாளர் ஒருத்தி. சமூகவியலில் முதுகலை படித்து சமூகப் பணியில் இருக்கிறவளும் எங்களில் ஒருத்திதான். இதைத் தட்டச்சு செய்தது அவள். பேசியது எல்லோரும்.

தோழர்களே, சிசேரியன் பற்றி எழுதினால் உடனே "எல்லாம் பணத்துக்காக அறுக்கிறார்கள்" என்று முடித்துவிடுகிறீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். 2015-16இல் இது 34. தனியாரில் 64, அரசு மருத்துவமனையில் 36. ஆனால் எங்களில் ஒருத்திக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. இன்னொருத்திக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. அறுக்காமல் இருந்திருந்தால் இந்தப் பட்டியலில் பதினொரு பேர் இருந்திருக்க மாட்டோம். தேவையில்லாத அறுவையை எதிர்க்கலாம், எதிர்க்கத்தான் வேண்டும். அதற்காக வலியைத் தாங்குவதுதான் பெண்ணுக்கு வீரம் என்கிற இடத்துக்குப் போய் நிற்காதீர்கள். எங்கள் பெண்களை வலி தாங்குகிறவர்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் வேலை வாங்கினார்கள்.

நாங்கள் பேச உட்கார்ந்தது தழும்பைப் பற்றி. அதுவும் தானாக நடக்கவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அங்கன்வாடி உதவியாளர் வீட்டில் ரத்தசோகை பற்றிப் பேசக் கூடியிருந்தோம். குனிந்து பெருக்கும்போது அடிவயிற்றில் சுரீர் என்கிறது என்று ஒருத்தி சொன்னாள். எங்களில் மூத்தவளான அக்கா கதவைச் சாத்தினார், கொசுவத்தை இறக்கி வயிற்றைக் காட்டினார். அவருக்குத் தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கும் தழும்பு. இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள். "தண்டவாளம் மாதிரி இருக்குல்ல? இருவத்தாறு வருசமா எந்த ரயிலும் ஓடல" என்றார். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருத்தியாகக் காட்டினோம். கட்டிய கணவனுக்கும் காட்டாததை.

எங்கள் மற்றவர்களுக்கெல்லாம் படுக்கைவசத்தில், இடுப்பெலும்புக்கு மேலே. 1900இல் ஃபான்னன்ஸ்டீல் என்கிற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த வெட்டு இது. இப்போது இதற்கு 'பிகினி கட்' என்று ஒரு பெயர். பிகினியை டிவியில் தவிர எங்கும் பார்க்காத எங்களுக்கு அந்த வெட்டு சரியாக ஜட்டி எலாஸ்டிக் உரசுகிற இடத்தில் இருக்கிறது. மேலே வயிறு மடிந்து அதன்மேல் விழுகிறது. சித்திரை வெயிலில் சூளையில் நின்றால் அந்த மடிப்பில் வியர்வை தேங்கி வெந்துபோகும், அரிக்கும். மாதக்கணக்கில் உள்ளாடை போடாமலே வேலைக்குப் போனவள் இருக்கிறாள்.

தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கும். தொட்டால் யாரோ ஒருத்தியின் உடம்பைத் தொடுகிற மாதிரி இருக்கும். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து ஒருத்தி இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தோலை வெட்டும்போது சின்னச் சின்ன நரம்புகளும் வெட்டுப்படும், மெதுவாகத்தான் உணர்வு திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய இதை வீட்டுக்கு அனுப்பும்போது எங்களில் யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு பேருக்குத் தழும்பு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து எழும்பியிருக்கிறது. கருவாடு தின்றதால், கத்தரிக்காய் தின்றதால் என்று வீட்டில் ஏசினார்கள். வெட்டிய கோட்டைத் தாண்டியும் வளர்ந்தால் அது கீலாய்டு. கறுத்த தோலில் கூடுதலாக வரும். ஊசி இருக்கிறது, சிலிக்கான் பட்டை இருக்கிறது, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம். தின்றதால் வந்ததில்லை. கறுப்பாக இருப்பதற்கு ஏச்சு வாங்கியே வளர்ந்தவளுக்கு அங்கேயும் ஒரு ஏச்சு.

தொப்பையும் அப்படித்தான். தண்ணீர் நிறையக் குடித்தாய், துணியை இறுக்கிக் கட்டவில்லை என்பார்கள். சிசேரியனில் வயிற்றின் முன்தசையைப் பெரும்பாலும் அறுப்பதில்லை, இரண்டு பக்கமும் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். கர்ப்பத்தில் ஏற்கெனவே விரிந்த அந்தத் தசைகள் சிலருக்கு நடுவில் சேராமல் நின்றுவிடுகின்றன. இது சுகப்பிரசவத்திலும் வரும். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கி, தொப்புள் பக்கம் விரலை வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். கிராம சுகாதார செவிலியர் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். எங்களில் நான்கு பேருக்கு இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போனது. இவர்களில் ஒருத்தியைப் பிள்ளைக்கு ஆறு மாதமாகும்போது பஸ்ஸில் பார்த்து, எத்தனாவது மாதம் என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டாள். கால்வலிக்கு இடம் கிடைத்தால் சரி.

சிரிக்க முடியாததும் உண்டு. "லைட்ட அணைச்சிடு" என்று சொன்ன புருஷன் இருக்கிறான். வார்டில் முகவரியில் காலனி என்று பார்த்ததும் "வா போ" என்று மாறிய குரல் இருக்கிறது. ஒருத்திக்கு மூன்று மாதம் கழித்து வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே காப்பர்-டி இருப்பதே தெரிந்தது. அறுவையின்போதே வைத்திருக்கிறார்கள். அவளிடம் கேட்கவில்லை. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். தழும்பைவிட அதுதான் தன் உடம்பைத் தன்னிடமிருந்து பறித்தது என்று அவள் சொன்னாள்.

ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்பதுதான் பொதுவாகச் சொல்லும் மருத்துவ ஆலோசனை. ஒரு குடம் தண்ணீர் குழந்தையைவிடக் கனம். தலையில் வைக்கும் கரும்புக்கட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூய்மைப் பணியாளர் 45ஆம் நாள் தள்ளுவண்டியைப் பிடித்தாள். வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நூறு நாள் வேலையில் பாலூட்டும் தாய்க்கு இலகுவான வேலை தரவேண்டும் என்று விதியிலேயே இருந்தும், மண் சுமந்தவர்கள் எங்களில் மூன்று பேர். தையல் பிரிந்து சீழ் வைத்தது அவர்களில் ஒருத்திக்கு. அவள் தழும்பு மட்டும் ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டால் அவள் வேலை அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழக அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. மகப்பேறு நலச் சட்டத்தின்கீழ் வந்த நிறுவனங்களில் 2017 திருத்தம் அதை 26 வாரமாக்கியது. வயல் கூலிக்கு விடுப்பு கொடுக்க முதலாளி என்று ஒருவர் ஏட்டில் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குத் தவணையாக வரும், அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகம். அது உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. தவணை வரும்வரை அடுப்பு காத்திருப்பதில்லை.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசியதை எங்களில் படித்தவள் வாசித்துக் காட்டினாள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்பது நாட்டின் நலன், அந்தச் சுமையைப் பெரும்பகுதி அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மசோதா ஆலைத் தொழிலாளிகளுக்கானது. வயலுக்கு எப்போ வரும் என்று கேட்டார் தண்டவாள அக்கா. பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது சின்ன விஷயங்கள். காயம் முழுதாக மூடி ஆறு வாரம் தாண்டியவர்கள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை மெதுவாக நீவிவிடுகிறோம். மரத்த இடத்தில் முதலில் ஒரு விரல், அடுத்த வாரம் இரண்டு. தழும்பு முதிர ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று தெரிந்த பிறகு அவசரம் இல்லை. தெருவில் புதிதாக யாராவது ஆபரேஷன் செய்து வந்தால் நாற்பது நாளுக்கு அவள் வீட்டுக் குடத்தை முறை வைத்து நாங்கள் தூக்குகிறோம். காய்ச்சல், சீழ், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு இருந்தால் அன்றைக்கே ஆட்டோ. அதற்கு மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டுவைக்கிறோம்.

ஆய்வுக்காகவும் களப்பணிக்காகவும் எங்கள் தெருவுக்கு வருகிற தம்பி தங்கைகளே, உங்கள் படிவத்திலும் 'நார்மல் / சிசேரியன்' என்று இரண்டு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி சேருங்கள்: எத்தனையாவது நாள் வேலைக்குப் போனீர்கள்?

பதினொரு பேரில் ஒருத்தி இன்னும் யாருக்கும் காட்டவில்லை, தானும் பார்த்ததில்லை. குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாளாம். கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்து கதவோரமாக உட்காருகிறாள். அவள் முறை வரும்போது அடுத்தவளிடம் போய்விடுகிறோம்.