மறதி பிடித்த இயந்திரம்

வேலியே பயிரை மேய்வது வயலில் மட்டும் நடப்பதல்ல. பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும் சிறிய பற்றரியும் அத்தகைய வேலிதான்.

1984 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஏடி கணினி வந்தபின், கணினியை நிறுத்தி வைத்தாலும் நாள், நேரம், வன்தட்டின் அமைப்பு முதலிய விபரங்களைப் பற்றரி ஒன்று காத்து நிற்கும் வழக்கம் ஏற்பட்டது. 386, 486 காலத்துப் பலகைகள் பலவற்றில் அது பீப்பா வடிவிலான 3.6 வோல்ற்று நிக்கல்-கட்மியம் பற்றரி. கணினி இயங்கும்போது அதற்கு மின்னேறும். ஆண்டுகள் செல்ல, உள்ளிருக்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கசிந்து பலகையின் செப்புக் கோடுகளை அரிக்கும். கணினியை மூடி வைத்தாலும் அரிப்பு நிற்பதில்லை.

இதை நான் அறிந்துகொண்டது ஒரு கவித் தொகுதியின் பொருட்டு. மருதமுனையில் எமக்குத் தமிழ் படிப்பித்த மர்ஹூம் மாஸ்டர், மூத்தம்மாமார் சொல்லச் சொல்ல நாட்டார் கவிகளை எழுதி வைத்திருந்தார். 1996 இல் அவற்றை ஒரு 486 கணினியில் தட்டெழுதினார். கொப்பிகள் யாவும் 2004 டிசம்பர் 26 இல் கடலோடு போயின. மேல்மாடியில் இருந்த கணினி தப்பியது. 2016 இல் மாஸ்டரின் மகள் அதைத் திறந்து பார்க்கும்படி கேட்டபோது, கவி சொன்ன மூத்தம்மாமாரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

முதலில் வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பி மூலம் புதிய கணினியில் பொருத்திப் பார்த்தோம். அக்காலத்து வன்தட்டுகள் சில இத்தகைய இணைப்பிகளோடு பேசுவதில்லை, இதுவும் பேசவில்லை. சொந்த இயந்திரத்தையே எழுப்ப வேண்டியதாயிற்று.

ரேடியோ திருத்தும் காக்கா பலகையைப் பார்த்தார். பற்றரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது.

"இது மௌத்தாகல்ல தம்பி, மறதி புடிச்சிருக்கு" என்றார்.

பற்றரியின் கால்களை வெட்டி அதை அகற்றினோம். கசிந்திருந்தது காரமாகையால், வினாகிரி தோய்த்த பழைய பிரஷ்ஷினால் தேய்த்து நடுநிலையாக்கி, நீராலும் பின்னர் ஸ்பிரிட்டாலும் துடைத்து உலரவிட்டோம். விசைப்பலகைச் செருகியின் அருகே ஒரு செப்புக் கோடு அறுந்திருப்பதை மீற்றர் காட்டியது. மெல்லிய கம்பியொன்றை வைத்துக் காக்கா அதனை இணைத்தார்.

புதிதாக இட்டது நாணயம் போன்ற சீஆர் 2032 லிதியம் பற்றரி. அதற்கு மின்னேற்றக்கூடாது, மின்னேற்றினால் வெடிக்கவும் கூடும். பழைய பலகையோ மின்னேற்றவே முயலும். எனவே ஒரு திசையில் மட்டும் மின்னைச் செல்லவிடும் டயோட்டு ஒன்றை இடையில் வைத்தோம். பற்றரியை நீளக் கம்பியில் பலகைக்கு அப்பால் பொருத்தினோம்.

கணினி விழித்தது. திரையில் 1980 ஜனவரி 1. தன்னிடம் வன்தட்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. வன்தட்டின் மேலே ஒட்டியிருந்த தாளில் கண்ட சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கையால் கொடுத்தோம். அதன் பிறகே அது தன் உடைமையை இனங்கண்டது.

கோப்புகளை நெகிழ்தட்டுகளில் பிரதி செய்தோம். பாமினி எழுத்துருவில் இருந்தவை, ஒருங்குறிக்கு மாற்றும்வரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தன. பதினொரு கோப்புகளில் ஒன்பது திறந்தன. தாலாட்டுகள், பிரிவுக் கவிகள் எல்லாம் வந்தன. வாசித்துக்கொண்டு போன மகள் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வாப்பாட எழுத்துப் பிழையும் அப்படியே இருக்கு."

அந்தப் பிழையைத் திருத்த வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

இயந்திரம் மறந்தது நாளையும் வன்தட்டின் விபரத்தையும் மட்டுமே. கவிகளை அது மறக்கவில்லை. ஆனால் அந்த அரிப்பு இன்னும் சில கோடுகளைத் தின்றிருந்தால், எங்கள் கைக்கு எட்டிய வேலையாக அது இருந்திராது.

நம் எழுத்தாளர் வீடுகளிலும் அச்சகங்களிலும் இத்தகைய கணினிகள் மூடிக் கிடக்கக்கூடும். இயங்குமாயின் அமைப்பு விபரங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, பற்றரியை வெட்டி அகற்றிவிடுவது நல்லது. கணினி நாளை மறந்தால் நாம் சொல்லிக்கொடுக்கலாம். கவியை இனி யாரிடம் கேட்டு எழுதுவது?