பேர் சொல்லிக் கூப்பிடுங்க, தம்பி!

கடலூரில் ஆபீஸ் வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. சிதம்பரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. விடுவேனா? ஏறி ஜன்னல் சீட் பிடித்தேன்.

நடராஜர் கோயில் பிராகாரத்தில் ஓர் ஓதுவார் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். நமக்குத்தான் நாலு ராகம் தெரியுமே! முடித்ததும் கிட்டே போய், ''சங்கராபரணம்தானேங்க ஐயா?'' என்றேன்.

''பழம்பஞ்சுரம்!'' என்று சிரித்தார். ''இன்னிக்கு அதைச் சங்கராபரணத்துல பாடறோம், வாஸ்தவம். ஆனா கூப்பிடறப்ப சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடணுமில்லையா தம்பி?''

தக்கேசிதான் காம்போதி, கௌசிகம்தான் பைரவி என்று அடுக்கினார். சங்கராபரணமும் தப்பவில்லை. 72 மேளகர்த்தாவில் அதற்கு நம்பர் 29. அந்த நம்பரைக் குறிக்கவே முன்னால் 'தீர' ஒட்டிக்கொண்டதாம். நம் பேரோடு ஸ்டாஃப் நம்பர் ஒட்டுகிற மாதிரி!

இந்தக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. செல்லரித்தது போக மிஞ்சிய பாட்டுக்குப் பண் சொல்ல ஆள் வேண்டுமே? இதே கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்தான் பண் வகுத்துக் கொடுத்தாளாம்.

''அந்தம்மா பேர் என்னங்க ஐயா?''

ஓதுவார் கொஞ்ச நேரம் பேசவில்லை. ''அதைத்தான் தம்பி, புராணம் சொல்லாம விட்டுடுச்சு.''

எங்கள் ஆபீஸுக்கு டீ கொண்டு வருபவரை ஆறு மாசமாக ''ஏ டீ!'' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். மறுநாள் முதல் வேலையாக அவர் பேரைக் கேட்டேன்.