முன் ஸஃப்பு யாருக்கு?

எங்கள் கிண்ணியாவில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் துண்டை விரித்துப் பிடித்தபடி இருவர் நிற்பார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளும் விழும், இருபது ரூபாயும் விழும். ஒன்றும் போடாமல் செருப்பைத் தேடிப் போகிறவரும் உண்டு. அவரை யாரும் மறிப்பதில்லை. அடுத்த வெள்ளி முன் ஸஃப்பில், அதாவது தொழுகையின் முன் வரிசையில், நிற்கப்போவது முந்தி வந்தவர்தான், கூடப் போட்டவர் அல்ல.

2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்திலும் இதே ஒழுங்குதான். இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் செய்து எவரும் இலவசமாக வாசிக்கத் தருகிறார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2004 சுனாமியில் கடல் எங்கள் கரைக்குள் புகுந்தது. ஒற்றைப் பிரதியின் கதி நமக்குத் தெரியும். செலவுக்கு உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் நன்கொடைகள் கைகொடுக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பியவருக்கும், போனில் டேட்டா போட்டு வாசிக்கும் கிண்ணியா மாணவிக்கும் திறப்பது ஒரே பக்கம்.

காசு கட்டியவருக்குத் தெளிவான பிரதி, கட்டாதவருக்கு மங்கல் பிரதி என்று வைத்தால் வருமானம் கூடலாம். ஆனால் அன்றே கொடுத்தவர் வாடிக்கையாளர் ஆகிவிடுவார். நடத்துகிறவரும் எது விலைபோகும் என்று பார்க்கத் தொடங்குவார். சில நூறு பிரதி அச்சாகி ஊரே மறந்துவிட்ட கவிதைத் தொகுதியை யார் காசு கட்டிக் கேட்பார்கள்? கூலியின்றி உழைப்பவர்களின் மனமும் முறியும். விளம்பரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் 2002 இல் ஸ்பானிய விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர் பலர் பிரிந்துபோய்த் தனிக் கலைக்களஞ்சியமே தொடங்கினார்கள்.

நன்கொடையிலும் சலுகை நுழையாமலில்லை. பள்ளி மின்விசிறியின் இறக்கையில் கொடுத்தவர் பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றட்டும், காற்று எல்லாருக்கும்தானே வருகிறது!

எனக்குள்ள கவலை வேறு. நோன்பு மாதத்தில் பெருகும் கொடை பெருநாள் கழிந்ததும் வற்றிவிடும்; செலவு வற்றாது. 2022 இல் சுமார் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. டொலரில் சேர்வர் வாடகை கட்டுகிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒருமுறை உருகிக் கொடுக்கும் பெருந்தொகையைவிட, மாதாமாதம் வரும் சிறு சந்தாவே இப்படிப்பட்ட காலத்தைத் தாண்ட உதவும். அந்தச் சந்தா நிற்காமல் வர ஒன்று வேண்டும்: வரவையும் செலவையும், கொடுத்தவர் கொடாதவர் எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டிவிட வேண்டும்.